உப்புத் தண்ணீரில் ஊறிய தக்காளி

எதிர்வீட்டு அக்காவின் சமையலறையில், சிங்க்குக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர் இருக்கும். மாடியில் பறித்த தக்காளியை அதில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் தன் மகனுக்குக் கொடுப்பார். இரண்டு வருடம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். ஒருநாளாவது எதற்கு என்று கேட்டேனா? பள்ளியில் நாள் முழுக்கக் கேள்வி கேட்பவள் நான். வீட்டுக்கு வந்ததும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன் போலிருக்கிறது.

சந்தாபுராவில் எங்கள் அடுக்குமாடிக்கு மேலே ஆளுக்குப் பத்துச் செடிப்பைகள் வைத்திருந்தோம். அக்கா ஓசூர்க்காரர். பேச்சில் பாதி கன்னடம் கலக்கும். “சும்னே விட்டுடுங்க டீச்சர், அது பாட்டுக்கு வரும்” என்பதுதான் அவருடைய தோட்டக்கலை மொத்தமும். காய்கறித் தோலைப் பைக்குள் கொட்டுவோம், மேலே சருகைப் போடுவோம், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். களை பிடுங்குவது கிடையாது. மிச்ச நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கமிருந்து திரும்பும் கம்பெனி வண்டிகள் ஹாரன் அடிப்பதைக் கேட்டபடி ஊர்க்கதை பேசுவோம். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் சோம்பேறியாக இருந்ததில்லை.

ஒரே குறை, என் அவரையில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கும். அக்காவின் செடிகளில் ஒரு பூச்சி இருக்காது. எனக்குப் பொறுமை இல்லை, அதுதான் காரணம் என்பார். நானும் நம்பினேன். மருந்தே அடிக்காமல் எப்படிக் காய்க்கிறது பாருங்கள் என்று அவருடைய தக்காளியைப் படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் போட்டேன். என் மகள் அந்தச் செடியிலேயே பழத்தைப் பறித்துக் கடிப்பாள். முதல் தடவை கழுவப் போனவளை அக்காதான் தடுத்தார். “நம்ம செடிதானே கண்ணு, கழுவவே வேணாம், சாப்பிடு.”

ஒரு பந்த் நாள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். துணி எடுக்க மாடிக்குப் போனேன். துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா தக்காளிச் செடிகளுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். காலடியில் பூச்சிமருந்துப் பாட்டில். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. என் கண்ணில் அந்த மருந்து பெரிதாகப் படவில்லை. அந்தத் துப்பட்டாதான் பட்டது, அடுத்த நொடி அந்த ஸ்டீல் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்தது.

“என் பொண்ணு தினமும் பறிச்சுத் தின்னாளே அக்கா, பாத்துட்டுதானே இருந்தீங்க?”

அவர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். “குரூப் பூரா என்னைப் பத்தி அப்படி எழுதி வச்சிட்டீங்க டீச்சர். அதுக்கப்புறம் பூச்சி வந்துச்சுன்னு எந்த முகத்த வச்சிக்கிட்டு சொல்றது?”

ஆக, பழி என்மேல். என் பெருமைப் பேச்சும் சேர்ந்துதான் அவர் வாயைக் கட்டியது என்பது இப்போது புரிகிறது. ஆனால் தன் பிள்ளைக்கு உப்புத் தண்ணீர், என் பிள்ளைக்கு ‘கழுவவே வேணாம்’. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. டாக்டர் என் மகளைப் பார்த்துவிட்டு பயப்பட ஒன்றுமில்லை என்றார். அக்காவோடு நின்ற பேச்சு நின்றதுதான். லிஃப்டில் சந்தித்தால் இருவரும் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

செடிகளை மட்டும் விடவில்லை. அதே தோல், அதே சருகு, அதே சோம்பல். பாதி அவரையைப் பூச்சி தின்கிறது, போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை என் பைகளில் முதல் தக்காளிகள் பழுத்தன. மகள் நான்கைப் பறித்துக்கொண்டு கீழே வந்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, உப்பைத் தேடினாள். நம்ம செடிதாண்டி, நான் எதுவுமே அடிக்கவில்லை, அப்படியே சாப்பிடு என்றேன்.

“அந்த ஆன்ட்டியும் அப்படித்தாம்மா சொன்னாங்க” என்றாள்.

உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.