இன்னொருவர் பெயரில் ஓடும் கார்

ஒரு காரை யார் பெயரில் வைத்திருப்பது நியாயம்? வாங்கியவர் பெயரில் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அதற்கு விடை தெரியவில்லை.

வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம் என்று வந்த புதிதில் கண்டியில் நடந்தது இது. வடக்கில் யுத்தம் கடுமையாகிக்கொண்டிருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தார்; கணவருக்கு இங்கே அரசாங்க வேலை. மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வரும். அவசரத்துக்கு ஓட்டோ தேடி அலைய முடியாது என்றுதான் பழைய கார் ஒன்றை வாங்கினோம்.

விற்றவர் கம்பளையில் கடை நடத்தி ஓய்ந்த ஒரு சிங்களப் பெரியவர். பெற்றோல் காருக்கு டீசல் என்ஜின் போட்டிருந்தார். பெயர் மாற்றும் படிவத்தில் தன் ஒப்பத்தை வைத்து, வாங்குபவர் பெயரை எழுதாமல் வெறுமையாகத் தந்தார். இங்கே பலரும் அப்படித்தான் விற்கிறார்கள்.

“இப்போதைக்கு அவற்ற பேரிலயே இருக்கட்டும். செக்பொயின்ற்றில காரின்ர பதிவுப் புத்தகத்தைப் பாத்திட்டு விட்டிடுவாங்கள்” என்றார் கணவர்.

எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. பேராதனைப் பக்கம் மறித்தபோதெல்லாம் சிங்களப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

காருக்கு வருட லைசன் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நானே பரிசோதனை நிலையத்துக்குக் காரை ஓட்டிப் போனேன். புறப்படுமுன் எல்லாப் பத்திரங்களையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஆனாலும் வாகனப் புத்தகத்தில் ‘பெற்றோல்’ என்று இருந்தது என் கண்ணில் படவேயில்லை.

அங்கிருந்த ஊழியர் பொனற்றைத் திறந்து பார்த்துச் சிரித்தார். “மிஸ், உங்கட கார் புத்தகத்தில பெற்றோல் குடிக்குது, இங்க ஒளிச்சு டீசல் குடிக்குது” என்று சிங்களத்தில் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் என்ஜின் இலக்கத்தைப் பார்த்தார். அதுவும் பொருந்தவில்லை. பொறுப்பாளர் வந்து, புத்தகத்திலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு என் அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கேற்றை மூடினார்கள். பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். டிக்கியைத் திறந்தார்கள், சீற்றைக் கழற்றினார்கள், மகளின் பையைக் கவிழ்த்துப் பால்போத்தலைக்கூட ஆட்டிப் பார்த்தார்கள். அவள் வீரிட்டு அழத் தொடங்கினாள்.

“கார் யாருடையது?”

எங்களுடையது என்றால், பிறகேன் இன்னொருவர் பெயரில் என்று கேட்பார்கள். யாராவது கேட்டால் நண்பருடையது என்று சொல்லும்படி கணவர் சொல்லியிருந்தார். கம்பளை ஐயாவுடையது என்று சொல்லி அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. ‘நான் அதை எப்போதோ விற்றுவிட்டேன்’ என்று அவர் சொன்னால்? அது உண்மை. பொய் சொன்னவள் நான்தான் என்றாகிவிடும். மகளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பொலிஸ்காரர் பேசிவிட்டு என்னிடம் போனைத் தந்தார். ஐயா, கடையில் பழகிய தமிழில் பேசினார். “பயப்படாதீங்க மகள். காரு என்னோடதுனு சொல்லிட்டேன். பஸ்ல வாறேன், அங்கேயே இருங்க.”

குடையும் கையுமாக வியர்த்துக் களைத்து வந்தார். என்ஜினை மாற்றியது தானே, பதியாமல் விட்டது தன் பிழை, காரை இவர்களுக்கு ஓடக் கொடுத்திருப்பதும் தானே என்றார். அவருடைய வயதையும் பாராமல் ஏசினார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். என்ஜின் மாற்றத்தைப் பதிந்துவிட்டு மறுபடி வாருங்கள் என்று எங்களை அனுப்பினார்கள்.

அவரை பஸ் ஸ்டாண்டில் விடப் போனேன். இறங்குமுன் கொஞ்சம் தயங்கினார்.

“ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்கயாவது குண்டு வெடிச்சதுனு நியூஸ்ல சொன்னா, எங்க வீட்டுல எல்லாரும் வண்டி நம்பர் சொல்றாங்களானு கேட்டுக்கிட்டே இருப்போம். நம்ம பேர்ல ஓடுற நம்பர் இல்லைனு தெரிஞ்ச பெறகுதான் சோறு எறங்கும். இன்னைக்கு பொலிஸ்னதும் அதுதான்னு நெனச்சேன்.”

“அப்ப ஏன் ஐயா உங்கட கார் எண்டு சொன்னீங்கள்?”

“போன்ல புள்ள அழற சத்தம் கேட்டுச்சே.”

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அவரே வந்து என்ஜின் மாற்றத்துக்கு ஒப்பமிட்டார். கார் புகைப் பரிசோதனையில் தேறியது, லைசனும் கிடைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவுமில்லை. ஒப்பமிட்ட அந்தப் படிவம் எங்கள் அலுமாரியில் கிடக்கிறது.

“சண்டை முடியட்டும், மாத்துவம்” என்கிறார் கணவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பெயரை எழுதினால், ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் இழுக்கிற நெஞ்சோடு மகளையும் இறக்கி நிறுத்துவார்கள். எழுதாமல் விட்டால், கம்பளையில் ஒரு வீடு ஒவ்வொரு செய்திக்கும் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கும். முன்பெல்லாம் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் ஆறுதலாக இருக்கும். இப்போது அந்த நேரத்தில்தான் அவருடைய முகம் நினைவுக்கு வருகிறது.

லைசன் முடியப்போகிறது. மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும். என்னைப்போல் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொருவர் பெயரில் கார் ஓடுகிற அம்மாமார் யாராவது இதை வாசித்தால், நீங்கள் படிவத்தின் அந்த வெற்றிடத்தில் யாருடைய பெயரை எழுதினீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.