தேவகி அக்கா சேர்ந்த வருடம்

இன்று காலை, எங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கும் தேவகி அக்கா என் கணினி அறைக்கு வந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்.

"தம்பி, நான் தொண்ணூத்தொண்ணுல சேந்தேன். புது கம்ப்யூட்டர்ல பத்து வருசம் சர்வீஸ்னு காட்டுதாம். மீதி வருசமெல்லாம் வூட்ல குந்திகினா இருந்தேன்?"

பழைய பதிவுகள் ஸ்டோரில் கிடக்கும் ஒரு கிழட்டுக் கணினியில்தான் இருக்கின்றன. போட்டேன், உயிர் வரவில்லை. தூசியைத் துடைத்து, வேறொரு பெட்டியின் பவர் சப்ளையைக் கழற்றி மாட்டினேன். மதியச் சாப்பாடு போயிற்று.

மூன்றாவது முயற்சியில் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. பெயரைத் தேடினேன். தேவகி, ஹெல்பர், 1991.

அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். "அய்ய, நான்தான் தம்பி இது!"

பிரிண்டர் ஓடவில்லை. போனில் படம் எடுத்துப் போய் எச்.ஆர். மேடத்திடம் காட்டினோம். அங்கேயே திருத்திக் கொடுத்துவிட்டார்.

இன்னும் பலருடைய பதிவுகள் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அது மறுபடி படுப்பதற்குள் எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டும். அதில் பென் டிரைவ் செருக இடமில்லை; யாரிடமாவது ஓடுகிற ஃபிளாப்பி டிரைவ் இருந்தால் சொல்லுங்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். டீ என் செலவு.