பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோத்தா திங்கியில் எங்கள் தேவாலய ஆபிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. மீன் வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். போலீஸ் வேலைதான் உனக்குச் சரி என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாதவர். இத்தனை காலமும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டோடு ஓட்டியவர், குடியுரிமை கேட்டு நீலக் கார்டுக்கு மனுப் போட்டிருந்தார். வியாழக்கிழமை நேர்காணல். இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே வழி, எங்கள் ஆபிஸ் கொடுக்கும் ஞானஸ்நானக் கடிதம்.

பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. நல்லவேளையாக, எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எல்லாவற்றையும் அதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அட்டவணையாக அடித்து வைத்திருந்தார். அந்த ஃபைலை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். புது கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பழைய ஃபைல், ஆபத்தாக இருக்கலாம், மாற்றித் திறக்கவா என்று என்னென்னவோ கேட்டது. செவுளைத் தூக்கிப் பார்க்கிற நான் ஒன்றையும் படிக்காமல் ஓகே, ஓகே என்று அழுத்தினேன்.

அக்காவின் பெயர் இருந்தது. அப்பா, அம்மா பெயரும் சரி. ஆனால் ஞானஸ்நானத் தேதி, அவர் சொன்ன பிறந்த வருடத்துக்கு நான்கு வருடம் முன்னால் இருந்தது. இவருக்கு முன்னால் பிறந்து இறந்துபோன குழந்தை ஏதாவது இருந்து, அதன் பெயரில் கார்டு எடுக்கப் பார்க்கிறாரோ? அவர் பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததுகூட எனக்கு ஒரு மாதிரியாகப் பட்டது.

"பொறக்கறதுக்கு முன்னாடியே ஞானஸ்நானம் எடுத்துட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு என்னாம்மா தெரியும். கிறிஸ்மஸ் அன்னைக்குப் பூசையில கொடுத்தாங்கன்னு அம்மா சொல்வாங்க."

ஃபைலில் டிசம்பர் இருபத்து நான்கு என்று இருந்தது. நாளும் இடிக்கிறதே, பொய்யேதான் என்று முடிவு கட்டினேன். பாதரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மதியம், இதுபோல இன்னும் எத்தனை கோளாறு இருக்கிறதோ என்று பட்டியலைத் துருவினேன். என் பெயரும் அதில் இருந்தது. எனக்கு ஞானஸ்நானம் நடந்ததாகப் போட்டிருந்த வருடத்தில் என் பெற்றோருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பழைய கிளார்க் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். உடனே போன் போட்டேன்.

"ஐயையோ அலமாக், புதுக் கம்ப்யூட்டர்ல திறந்தீங்களா? அது பழைய பாதரோட கம்ப்யூட்டர்ல அடிச்சது லா. அந்த ரகத்துல தேதிய எண்ண ஆரம்பிக்கிற வருஷமே வேற, புதுசுல திறந்தா எல்லாத் தேதியும் பின்னால தள்ளிப் போயிரும். நாலு வருஷமும் ஒரு நாளும் கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். என் தேதி சரியாக வந்தது. அக்காவுக்கு டிசம்பர் இருபத்தைந்து வந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. பாதரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் கணவரோடு காரில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே கடிதத்தை வாங்கி, பெயரையும் தேதியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"மன்னிச்சிருங்க அக்கா, கம்ப்யூட்டர்ல தப்பு ஆயிருச்சு" என்றேன்.

"கம்ப்யூட்டரா என்னை அப்படிக் கேட்டுச்சு?" என்றார்.

நீலக் கார்டு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

இன்றும் யாராவது கடிதம் கேட்டு வந்தால், அந்த ஃபைலில் முதலில் என் பெயரைத் தேடி என் தேதியைச் சரிபார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் வருகிறது.