மூக்குக்காரன் தங்கச்சாமி

அச்சங்குளத்தில் தங்கச்சாமி என்று விசாரித்தால் எந்தத் தங்கச்சாமி என்று கேட்பார்கள். மூக்குக்காரன் என்றால் ஒருவன்தான். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்கு அவன் போர்மேன். கலவையில் ஈரம் ஏறிவிட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடாகத் தொடங்கும். புகை தெரிவதற்கு முன் லேசாக மூத்திர வாடை ஒன்று எழும். எங்கள் வேதியியல் பாடத்தில் அதற்கு அமோனியா என்று பெயர். மூக்கு அதைப் பிடித்துவிட்டால் ஓட நேரம் இருக்கும். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால மதியத்தில் தங்கச்சாமி அதைப் பிடித்தான். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பதினோரு பேரை வெளியே விரட்டினான். அறை தரைமட்டமானது. ஒருவருக்கும் கீறல் இல்லை. போர்மேன் வேலையும் அந்தப் பெயரும் அதோடு வந்தவை.

நானும் அவனும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதன்பின் நான் பி.எஸ்சி. முடித்து, எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரியாகி, பெங்களூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்தேன். போன கார்த்திகையில், தீபாவளி முடிந்து ஆலை பூட்டியிருந்தபோது, அவனை வரச்சொன்னேன். நான் இருக்கும் இருப்பை ஊரிலிருந்து ஒருவனாவது வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. திங்கட்கிழமை ஆலை திறப்பதால் ஞாயிறு பஸ்ஸில் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

என் அறையில் கூட இருக்கும் திருத்தங்கல் செழியன், சனிக்கிழமைக்கு ஒரு ஓட்டல் மாடியில் ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்கு மூன்று இடம் பதிந்திருந்தான்.

"குடிக்கவாலே கூட்டிட்டுப் போறீக?" என்றான் தங்கச்சாமி.

"குடிக்க இல்லலே, மோந்து பாக்க. உன் மூக்குக்குன்னே வச்ச வேலை," என்றான் செழியன்.

"மோந்து பாக்குறதுக்கு இம்புட்டுத் தூரமா?" தங்கச்சாமி சிரித்தான். சற்றுத் தாமதமாகத்தான் சிரித்தான்.

நீள மேசை. சுற்றிலும் பதினைந்து பேர். நிகழ்ச்சியை நடத்திய பெண் கிளாசைச் சாய்க்கவும் சுழற்றவும் மூக்கை உள்ளே விட்டு இழுக்கவும் கற்றுக்கொடுத்தாள். அவள் பேசிய ஆங்கிலத்தை நான் தங்கச்சாமிக்குத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் அவன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தான். செழியன் எலுமிச்சை என்றால் இவன் எலுமிச்சந்தோல் என்றான். நான் மிளகு என்றால் இவன் மிளகு ரசம் என்றான். மேசையே அவனை ரசித்தது.

செழியன் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் தங்கச்சாமி மூக்கின் கதையைச் சொல்லிவிட்டான். அதனால் நான்காவது கிளாசை அவள் முதலில் தங்கச்சாமியிடம் நீட்டினாள். அவன் சுழற்றினான். கண்ணை மூடி நீளமாக இழுத்தான்.

"நல்ல பழ வாசம். மாம்பழம் மாதிரி."

நான் அதை மொழிபெயர்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. கிளாஸ் அடுத்த ஆளுக்குப் போனது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்தபோது, நனைந்து வாரக்கணக்கில் மூலையில் கிடந்த சாக்கின் நாற்றம் குப்பென்று ஏறியது. கெட்டுப்போன ஒயின் எப்படி இருக்கும் என்று காட்டவே அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்ததாக அவள் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அவளையே கலாய்ச்சிட்டாம்லே," என்று செழியன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சுற்றி முடித்த கிளாஸ் தங்கச்சாமியிடமே திரும்பி வந்திருந்தது. அவன் அதை மறுபடி முகர்ந்தான். இன்னொரு முறையும் முகர்ந்தான்.

மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். "எப்ப இருந்துலே?"

"கொரோனாவுல போனது. எல்லாருக்கும் திரும்ப வந்துச்சு. எனக்கு வரல."

"அப்ப நாலு வருசமா எப்படிலே கலக்குத?"

"கை இருக்குல்ல. தொட்டா ஈரம் தெரியும்."

"சூடு ஏறுனப்புறம் தொட்டு என்னலே பிரயோசனம்? மொதலாளிட்ட சொல்லிரு. வேற செக்சன் குடுப்பாக."

"குடுப்பாக. என் எடத்துக்கு அன்பரசன விடுவாக. வெரசா முடிச்சா வெரசா வீட்டுக்குப் போவலாம்னு மருந்தப் பரபரன்னு தேய்க்கிறவன். மூக்கு இருக்கு, நிதானம் கெடையாது. அவன் கையில அத்தன பேர விட்டுட்டு நான் வெளிய குத்த வச்சிருக்கணுமா?"

இரண்டு படி இறங்கி நின்று அவனே தொடர்ந்தான்.

"நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஊர்ல மட்டும் சொல்லிறாதலே. அந்தப் பேர வச்சுத்தான் நான் தெருவுல நடக்கேன்."

ஞாயிறு பகல் பஸ்ஸில் போய்விட்டான். திங்கள் காலை ஆறரைக்கு அவன் மனைவி பொன்மணிக்குப் போன் செய்தேன். அவரும் அதே ஆலையில் வேலை செய்கிறார்.

"மதினி, அவனுக்கு வாசம் எதுவும் தெரியல. இன்னைக்கு வேலைக்கு விடாதீக."

"எனக்குத் தெரியும் தம்பி. வீட்ல கொழம்பு ஊசிப்போனா நாந்தான சொல்லுதேன்."

"தெரிஞ்சுமா விடுதீக?"

"நான் தீப்பெட்டி ஆபீச விட்டுட்டு இங்க எதுக்கு வந்தேன்னு நெனைக்கீக? கலவ ரூமுக்கு எதுத்த ரூமு எனக்கு. தண்ணி குடுக்குற சாக்குல அப்பப்ப வாசல்ல போயி நிப்பேன். வாடை வந்தா செருமுவேன். அவுக ஆளுகளக் கூட்டிட்டு வெளிய வந்துருவாக. நாலு வருசமா இப்படித்தான் ஓடுது."

சொற்கள் அமுங்கி அமுங்கி வந்தன. "சளியா மதினி?" என்றேன்.

"மழையில நனைஞ்சது. மூணு நாளா மூக்கடைச்சுக் கெடக்கு, ஒண்ணும் தெரியல."

"அப்ப ரெண்டு பேரும் லீவு போடுங்க."

"தொறக்குற அன்னைக்கேவா? கல்யாண சீசன் ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. அவுகட்ட சளி சரியாப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்க எதும் உளறிறாதீக." வேன் ஹாரன் கேட்டது. வைத்துவிட்டார்.

ஆலை மேனேஜர் லட்சுமிகாந்தத்தின் எண் என்னிடம் இருந்தது. தங்கச்சாமியின் பெயர் போனாலும் போகட்டும் என்று அழைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார்.

"யாருக்கு? நம்ம மூக்குக்காரனுக்கா? கூட்டாளிக வெளையாடுறதுக்கு ஒரு அளவு இருக்கு தம்பி," என்று சிரித்தபடி போனை வைத்தார்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. இப்போது தினமும் காலை ஆறரைக்கு மதினிக்குப் போன் செய்கிறேன். சாப்பிட்டீகளா என்று கேட்பேன். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது என் காதில் ஏறுவதில்லை. குரல் மூக்கடைத்து வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.