தண்ணீர் எங்கே போகும்?

எல்வுட் மோயர் எழுபத்திரண்டு வயதுக்குள் மாடு வளர்த்தார், மக்காச்சோளம் போட்டார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கேள்விதான்.

பென்சில்வேனியாவின் கெஸ்லர் என்ற அந்தச் சின்ன ஊராட்சியில் மாதத்தின் முதல் திங்கள்கிழமை திட்டக் குழு கூடும். நிலத்தைப் பிரிக்கவோ கொட்டகை கட்டவோ நினைக்கிறவர்கள் முதலில் கையால் போட்ட ஒரு உத்தேச வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டலாம். ஓட்டெடுப்பு கிடையாது, சொன்ன பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது, சும்மா கலந்து பேசுவதுதான். இந்தச் சும்மாவில் இருபத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தார் எல்வுட். யார் வந்தாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார்.

"எல்லாம் சரிதான். மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?"

வந்தவர் முழிப்பார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று குழு கலையும். பக்கத்து நிலத்துக்காரர் ரஸ்ஸல் ஹைஸ்டாண்டின் டிராக்டர் பட்டறைத் திட்டம் பதினொரு மாதம் இப்படியே மிதந்து, ஒருவழியாகக் கரை சேர்ந்தது.

ஜனவரியில் முழங்கால் படுத்தியதால் எல்வுட் விலகினார். அவர் நாற்காலியில் ரஸ்ஸல் வந்து உட்கார்ந்தார். கடவுளுக்கும் கொஞ்சம் பொழுது போக வேண்டாமா?

ஏப்ரலில் எல்வுட்டே ஒரு வரைபடம் போட்டார். விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில், தச்சுப் பென்சிலால், சாலையோரம் இரண்டு ஏக்கர், மகள் கார்லா வீடு கட்டிக்கொள்ள. அவள் குடியிருந்த வாடகை வீட்டை விற்கப்போகிறார்கள். மூன்று மணி நேரத் தூரத்தில் வேறொரு வீடு அமைந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் எல்வுட் தனி. மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாததால் இரண்டு ஏக்கர் தருவதாகச் சொன்னார்.

"குழு தலையாட்டினா நான் இங்கயே இருந்துடறேன்ப்பா," என்றாள் கூட்டத்துக்குப் போகிற வழியில், காரில். "ஆனா நீ வாயத் திறக்காத. படத்தக் குடு, உக்காரு."

"நான் என்னத்தப் பேசப்போறேன்?"

குழுத் தலைவி டோரிஸ் காலண்டரை மேஜையில் விரித்தாள். எல்லார் கண்ணும் ரஸ்ஸல் மேல். பதினொரு மாதத்துக்கு வட்டியும் முதலுமாக வரப்போகிறது என்று ஆளாளுக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

ரஸ்ஸல் நிதானமாகப் பார்த்தார். "ரோடு இருக்கு, இடம் இருக்கு. கார்லா நம்ம பொண்ணு. எனக்கு ஒண்ணும் இல்ல, இன்ஜினியர வெச்சு முறையாப் போடச் சொல்லுங்க."

எல்வுட்டுக்கு வெட்கமாகப் போயிற்று. பின்வரிசையில் கார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றாள் டோரிஸ், வழக்கம்போல.

இருபத்தோரு வருடம் அந்த வாக்கியத்துக்குப் பிறகு நடந்ததுதான் நடந்தது. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"எல்லாம் சரிதான். மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?"

கார்லா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எல்வுட், இது நீங்க போட்ட படம்," என்றாள் டோரிஸ் மெதுவாக.

"ஆமா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. எங்க போகும்?"

எல்வுட் குனிந்து காலண்டரைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ரஸ்ஸல் பட்டறைக்குள்ள."

ரஸ்ஸல் காலண்டரைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்து எல்வுட் கையில் கொடுத்தார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை கார்லா போன் செய்தாள். "அந்த வீட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா. தண்ணி எங்க போகும்னு அங்க ஒருத்தரும் கேக்கல."

எல்வுட், போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நீயாவது கேட்டியா?" என்றார்.