சித்தியோடு மலையேறிய பைரவர்

கடல் மட்டத்தில் பிறந்து, கடல் மட்டத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மீனவ ஊரான உடப்பில் கோயில் கோபுரத்தை விட்டால் அண்ணாந்து பார்க்க வேறொன்றும் கிடையாது. அத்தகைய ஊரிலிருந்து, எனக்குப் பத்து வயதானபோது, சிவனொளிபாத மலையை நோக்கி மூவர் புறப்பட்டோம்: சித்தப்பா, சித்தி, பள்ளி விடுமுறையைக் காரணம் காட்டி ஒட்டிக்கொண்ட நான்.

சித்தப்பாவின் படகு புயலில் சிக்கிக் கரை திரும்பாதிருந்த வேளையில், அவர் உயிரோடு வந்தால் குடும்பமே மீன் மச்சம் தொடாமல் விரதமிருக்க, தன் காலாலேயே மலையேறி ஈசன் பாதத்தைத் தொழுவதாகச் சித்தி வேண்டிக்கொண்டார். சித்தப்பா வந்து சேர்ந்தார். ஆயினும், நேர்த்தி நிறைவேறும்வரை அவர் கடலில் இறங்கலாகாது என்பது சித்தியின் கட்டளை. மீறினால் அடுத்த முறை கடல் அவரைத் திருப்பித் தராது என்று சித்தி உறுதியாக நம்பினார். படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா வீட்டில் கவிழ்ந்து கிடந்தார்.

இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டுப் பாதையில் அதிகாலையிலேயே ஏறத் தொடங்கினோம். எதிரே இறங்கிவந்த சிங்கள யாத்திரிகர்கள் "கருணாவயி" என்று வாழ்த்தினர். அட்டைகளோ வாழ்த்தாமலே காலைப் பற்றிக்கொண்டன. முகில் எங்களுக்குக் கீழே நின்றதைக் கண்டு, உலகையே வென்றுவிட்டதாக நான் நிமிர்ந்து நடந்தேன். சிறிது நேரத்தில் மழை வந்து என்னைக் குனிய வைத்தது.

மழையங்கியைத் தேடிச் சித்தப்பாவின் பையைத் திறந்தேன். அடியில், பொலித்தீனில் சுற்றிய சுட்ட கட்டாக் கருவாடு!

சித்தி சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். சித்தப்பா என் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாத, புள்ள! வெறும் சம்பலோட பாண் இறங்குதில்ல."

"நேர்த்தி பிழைச்சுப் போகாதா?"

"அவ அறிஞ்சாத்தான் பிழைக்கும்."

தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே வாய் மூடினேன். ஆனால் தேநீர்க் கடையொன்றில் படுத்திருந்த செம்பழுப்பு நாய் எங்கள் உடன்படிக்கையில் சேரவில்லை. பையை முகர்ந்தபடியே பின்தொடர்ந்தது. சித்தப்பா விரட்டினார், அது வாலாட்டியது.

பாதி வழியில் சித்தியின் முழங்கால் வீங்கிவிட்டது. கல்லொன்றில் அமர்ந்தார். "இனி ஏலாது. திரும்புவம்."

திரும்பினால் சித்தப்பாவுக்குக் கடல் இல்லை. நாய் வந்து சித்தியின் அருகே குந்தி, பையையே நோக்கிற்று. சித்தி நாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு கணவரை நெடுநேரம் பார்த்தார். நாயை நோக்கிக் கைகூப்பி எழுந்தார்.

"விரட்டாதீங்க. பைரவரே துணைக்கு வந்திருக்கார்."

"ஓம், ஓம்! மூஞ்சியிலேயே தெரியுதே!" என்றார் சித்தப்பா.

நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். சித்தி நொண்டி நொண்டி ஏறினார். "பைரவரே, கொஞ்சம் நில்லும்," என்று நாயோடு கதைத்துக்கொண்டே ஏறினார். மாலை வெயிலில் உச்சியை அடைந்து, பாதத்தில் பூ வைத்து அழுதார். சித்தப்பா மேற்கே திரும்பி, கண்ணுக்கு எட்டாத கடலைத் தேடிக்கொண்டிருந்தார்.

யாத்திரிகர் மடமான அம்பலத்தில் தங்கி மறுநாள் காலை இறங்கும்போது, ஓடைக்கரையில் சித்தி நின்றார்.

"என்னங்க, நேர்த்தி முடிஞ்சிட்டுது. பையில உள்ள கட்டாவைப் பைரவருக்குக் குடுங்க. பாவம், நேற்றிலிருந்து மணம் பிடிச்சுக்கொண்டு வாறார்."

சித்தப்பா பையை இரு கைகளாலும் பொத்தினார். எனக்கோ மெய்சிலிர்த்தது. ஈசன் பாதத்தைத் தொட்டதும் சித்திக்கு ஞானக்கண் திறந்துவிட்டது என்று ஊர் முழுவதும் முழங்கித் திரிந்தேன்.

எங்கள் கரையில் நாள்தோறும் கட்டாவை அறுத்து, உப்பிட்டு, உலர்த்தியவர் அவர். அந்த மணத்தை அறிய அவருக்கு எந்த ஞானக்கண்ணும் வேண்டியிருக்கவில்லை என்பதும், அந்தக் கல்லில் அமர்ந்து அவர் எடுத்த முடிவு முழங்காலைப் பற்றியது மட்டுமல்ல, கருவாட்டை அறியாதவராகவே நடித்து நேர்த்தியை முடித்துக் கணவரைக் கடலுக்குத் திருப்பித் தருவதைப் பற்றியதும்தான் என்பதும், அன்று எனக்கு விளங்கவில்லை.