கியர்பெட்டிக்குள் கிழங்கு மாவு

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் எங்களைப் பெரிய பண்ணைக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டமும் நான்கு எருமைகளும், அவ்வளவுதான் நாங்கள். கார் வந்தது அம்மாவின் தம்பியான என் மாமா மூலமாக. மாமா ராசிபுரத்தைத் தாண்டி நாமகிரிப்பேட்டைப் பக்கம் சேகோ மில் நடத்திவந்தார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவாக்கி, ஜவ்வரிசி செய்கிற மில். அந்த மில்லுக்கு லாரி எடுக்கப் போவதால் கார் வேண்டாம் என்று அப்பாவுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். கொண்டுவந்து நிறுத்திய அன்று, ஒரு சத்தம் கேட்காது, பூனை போலப் போகும் என்று அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். பூனை போலத்தான் போயிற்று. எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது.

அப்பா பிறவியிலேயே இருப்புக்கொள்ளாத மனிதர். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் ஒரு காலை மடக்காமல் வைத்திருப்பார், எழுந்து ஓட வசதியாக. அப்படிப்பட்டவர் கையில் கார் கிடைத்தால் என்ன ஆகும்? உப்பு வாங்கக்கூட நாமக்கல் போனார். அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. ஊருக்கு வெளியே ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, எல்லாரும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அப்பா காரை இறக்கினார். கதவுக்கு அடியில் தண்ணீர் வந்து என் கால் நனைந்தது. அக்கரை ஏறியதும் ஜெயித்துவிட்டதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கியர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுத்தால் கியர் விழாது. இரண்டு கையாலும் இழுத்துப் போடுவார். விழுந்துவிட்டால் அப்புறம் வெளியே வராது. ஒருமுறை நாமக்கல்லிலிருந்து வீடுவரை இரண்டாம் கியரிலேயே வந்தார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பம்புசெட் ரிப்பேர் செய்கிறவர் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார். பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவர், கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிற கையில்தான் பக்குவம் இல்லை என்றார். அப்பா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டு கிளட்ச் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஆவணியில் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய உடன்பிறந்தவளை உட்காரவைத்துச் செய்கிற சீர். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் தவழ்கிற வயதிலேயே பெற்றவள் போய்விட்டதால், இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். இணைச்சீருக்கென்று மாமா எடுத்துக் கொடுத்தனுப்பிய புடவையை அம்மா ஒரு மாதமாகப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். உடன்பிறந்தவள் நேரத்துக்கு வரவில்லை என்றால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்காரவைத்து முடித்துவிடுவார்கள். நல்ல நேரம் யாருக்காகவும் நிற்காது.

நியாயமாக அம்மா மூன்று நாள் முன்னாலேயே போயிருக்க வேண்டும். அப்பா விடவில்லை. மாமனார் ஊருக்குள் குடும்பத்தோடு காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கிளட்ச் பிளேட் மாற்றி வருவதற்குள் இணைச்சீர் நாளே வந்துவிட்டது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சீர். நாங்கள் உச்சிப்பொழுதில் கிளம்பினோம். புதுப் பாவாடை கசங்காமல் இருக்க நான் பின்சீட்டில் உட்காராமல் பாதி நின்றபடியே வந்தேன்.

ஆண்டகளூர் கேட்டில் ராசிபுரம் ரோட்டுக்குத் திரும்பும்போது கியர் மூன்றில் மாட்டிக்கொண்டு, வண்டி குலுங்கி நின்றது. அப்பா இழுத்தார், தள்ளினார், புதுக் கிளட்ச்சை மிதிமிதி என்று மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ராசிபுரம் பஸ் ஒன்று எங்களை ஒதுக்கிக்கொண்டு போனது. அம்மா மெதுவாக, பஸ்ஸில் போய்விடலாமே என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. அம்மா அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக இல்லை, கல்யாண வீட்டுப் பலகாரம் தீர்ந்துவிடுமே என்று.

கேட்டுக்குப் பக்கத்தில் லாரி பட்டறை ஒன்று இருந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த மெக்கானிக் வயசாளி, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர். அப்பா கிளட்ச்சின் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பீடி பிடித்தார். பிறகு இன்ஜின் அணைந்திருக்கும்போதே கியரை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. இன்ஜின் ஓடாதபோதும் கியர் விழவில்லை என்றால் கிளட்ச்சில் குற்றமில்லை என்றார். அப்பா முகம் சுருங்கிற்று. அடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பிடியிலிருந்து கியர்பெட்டிக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டார். கம்பி தனியாக நன்றாக அசைந்தது. நோய் பெட்டிக்குள்தான் என்று அடியிலிருந்தே குரல் வந்தது. ஆயிலை வடிக்கிற போல்ட்டைத் திருகி எடுத்தார். ஒரு சொட்டு வரவில்லை. வேறொரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். வெள்ளையும் கறுப்புமாக, களி போல ஒரு கட்டி பொத்தென்று தட்டில் விழுந்தது.

மெக்கானிக் அதை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது குச்சிக்கெழங்கு மாவுங்க. கியர் பல்லு தேஞ்சு சத்தம் போட்டுதுன்னா, விக்கறவங்க இப்புடி எதையாச்சும் போட்டு அமுக்கி வெப்பாங்க. செல பேரு மரத்தூளு போடுவாங்க. இதுல தண்ணி வேற எறங்கியிருக்குது. சூட்டுல வெந்து உள்ளயே களியாயிருச்சுங்க."

அப்பா ஓரிடத்தில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கால்கூட அசையவில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பொட்டிய எறக்கு. ஊட்டுக்குப் போலாம். என்னைய ஏமாத்துனவன் சீருல நீ போயி உக்கார வேண்டாம்."

அம்மா புடவைப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க போட்டேன்" என்றாள்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மாவு போட்டால் சத்தம் குறையும் என்று யாரோ சொன்னார்கள், நம் கார் சத்தம் போட்டால் உங்களுக்குத்தானே கௌரவக் குறைவு, அதனால் ஒருநாள் நீங்கள் தோட்டத்தில் இருக்கும்போது தம்பி மில்லிலிருந்து வந்த மாவை எடுத்துப் போட்டுவிட்டேன் என்று, குரல் ஏறாமல் இறங்காமல், ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள்.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டறையில் அத்தனை பேர் முன்னால் அம்மாவைத் திட்டித் தீர்த்தார். கூறுகெட்டவள் என்றார், அடுப்புக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றார். திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மெக்கானிக் மட்டும் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலையில் இறங்கினார். கியர்பெட்டியைத் திறந்து சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு இரண்டு முறை கழுவி, புது ஆயில் ஊற்றினார். மூன்றாவது கியரின் பல் போய்விட்டது, இரண்டிலிருந்து நேராக நாலுக்குப் போடுங்கள் என்றார். வண்டி மாவு மில்லைப் போல அலறிக்கொண்டு கிளம்பியது. அவமானத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படி ஒரு அம்மாவா என்று எனக்கு அவள்மேல் கோபமான கோபம். பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்காமல் கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அலங்காரத்தோடு தயாராக நின்றுகொண்டிருந்தாள். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தப் புடவையை உடுத்தி, ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குள் அப்பா பந்தலில் கிழங்கு மாவுக் கதையைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாவு ஒரு படி கூடிற்று. பந்தலே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. சீர் முடிந்ததும் அம்மாவின் காலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா குனிந்து அவரைத் தூக்க வேண்டியிருந்தது. அதுவும் சடங்கில் ஒன்று போலிருக்கிறது என்று நான் பலகாரத் தட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்து, எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். அம்மா என்னைக் கையைப் பிடித்துக் காருக்கு அருகே கூட்டிக்கொண்டு போனாள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதோரம் கேட்டாள்.

"ஏஞ் சாமி, அந்தக் கியர் பொட்டி எங்கிருக்குது? முன்னாலயா, பின்னாலயா? உங்கப்பா கேட்டா சொல்லோணுமல்ல."

நான் மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் கையை நீட்டிக் காட்டினேன். அம்மாவும் புதுப்புடவையோடு பக்கத்தில் மண்டியிட்டு நன்றாகப் பார்த்துக்கொண்டாள். மாவைத் தன் கையால் போட்டுவிட்டு, போட்ட இடத்தைக்கூட மறந்துவிட்டாளே, சரியான மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பந்திக்கு ஓடினேன்.